தொட்டித் தண்ணீர்

செப். 3, புதன்

சோளகக் காற்று நிற்கவில்லை. வாசலெல்லாம் மணல். காலையில் இரண்டு தரம் கூட்டியும் வீண்.

ஆண்டறிக்கைப் படிவம் கொழும்பிலிருந்து வந்துவிட்டது. இந்த வருடம் சபை செய்தது:

- அனலைதீவில் வைத்திய முகாம். (வள்ளத்தில் டொக்டருக்கே தலைச்சுற்று. முதல் நோயாளி அவர்தான்.)
- தையல் வகுப்பு. ஏழு பேர். மூன்று பேர் இப்போது தாங்களே சட்டை தைத்துக் கொடுக்கிறார்கள்.
- வயதானவர்களுக்குக் கண்ணாடி.
- விடுமுறை வேதப்பள்ளி. பிள்ளைகள் வந்தது பாட்டுக்கும் தின்னக் கொடுக்கிற பணிசுக்கும். வரட்டும்.

இவ்வளவுக்கும் படிவத்தில் ‘வெளியூழியம்’ என்று ஒரேயொரு வரி. ஞானஸ்நானத்துக்கு மட்டும் பெரிய கட்டம், தடித்த கோடு.

போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் அந்தக் கட்டத்தில் பூச்சியம். மேற்பார்வைப் போதகர் தொலைபேசியில்: “ரீச்சர், மூண்டாம் வருஷமும் பூச்சியமெண்டால் உங்கட சபையை ரவுண் சபையோட சேர்க்கிறதைவிட வேற வழியில்லை.” பட்டணத்துச் சபையோடு சேர்த்தால் எங்கள் பாஸ்டரை எடுத்துவிடுவார்கள். மாதத்தில் ஒரே ஆராதனை. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கதவைத் திறந்து பூட்டுகிறவள் நான்.

14ஆம் தேதி தானே நேரில் வருகிறாராம்.

எங்களிடம் இருப்பது ஒரே ஆள், தவமணி. அல்லைப்பிட்டியில் கருவாடு போடுகிறவள். இரண்டு வருடமாக ஆராதனைக்கு வந்து கடைசி வாங்கில் இருக்கிறாள். ஞானஸ்நானம் வேண்டுமென்று தானாகவே கேட்டாள்.

செப். 8, திங்கள்

வெயில். பிரசங்க மேடைப் பலகையைத் தூக்கி, அதன் கீழிருக்கும் ஞானஸ்நானத் தொட்டியைத் துப்புரவாக்கினோம். உள்ளே: பல்லிகள், கூட்டிக் கூட்டி உடைந்த தும்புத்தடி, போன கிறிஸ்மஸ் நட்சத்திரம், ஒரு வெடிப்பு. வெடிப்புக்குப் பாஸ்டர் சீமெந்து பூசினார். பாதி அவருடைய காற்சட்டையில். மட்டக்களப்புப் பிள்ளை, நல்ல மனம், கைவேலை மட்டும் வராது.

நாங்கள் தலையில் தெளித்துவிட்டு அனுப்புகிற சபை இல்லை. முழுதாக முழுக வேண்டும். எங்கள் கிணற்றிலோ வெறும் சேறு. ஆகவே ரவுணிலிருந்து ஒரு பவுசர் லொறி நல்ல தண்ணீருக்குச் சொல்லியாயிற்று.

தவமணி வந்து, “ரீச்சர், தலையும் நனையவேணுமோ?”

“ஓம். முழுக்க.”

“தும்மலும் தடிமனும் பிடிச்சால்?”

“பிடிக்கட்டும்.”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப். 11, வியாழன்

பவுசர் வந்தது. தொட்டி நிறைந்தது. ஒழுகவில்லை, ஸ்தோத்திரம்.

ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் பழுதாகி இன்றோடு ஆறு நாள். எங்களுடையது உள்ளே போனதை ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. பத்து மணிக்கு வாசலில் பெண்கள், கையில் தண்ணீர்க் கான்கள். பாஸ்டர் கும்பிட்டபடி, “ஞாயிற்றுக்கிழமை முடியட்டும், எல்லாரும் எடுங்கோ.”

முன் வீட்டு இராசம்மா அக்கா விடுவாரா? “தவமணி குளிச்ச தண்ணியையோ தம்பி எங்களைக் குடிக்கச் சொல்லுறீர்?” பின்னால் இன்னொருத்தி: “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடான்.” ஒரே சிரிப்பு.

நான் கதவைப் பூட்டினேன். சனத்தில் கோபம், பாஸ்டரில் கோபம், அந்தப் படிவக் கட்டத்தில் கோபம்.

செப். 12, வெள்ளி

பாஸ்டர் காலையிலேயே ரவுணுக்கு. தவமணி வந்து மேடைக்குப் பூ வைக்கக் கதவுத் திறப்புக் கேட்டாள். கொடுத்தேன். மடைச்சி நான்.

ஒரு மணி நேரத்தில் வாளிச் சத்தம். ஓடினால், தொட்டி விளிம்பில் தவமணி. சேலையைச் செருகிக்கொண்டு அள்ளி அள்ளி யன்னலால் கொடுக்கிறாள். வெளியே முழு ஊர்.

“கோதாரி! என்ன வேலை பார்க்கிறீர்?”

“ரீச்சர், நான் இதுக்குள்ள முங்கி எழும்பிப்போட்டு இந்தச் சனத்தின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?”

“ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யிறது?”

“கடல் கிடக்குத்தானே.”

வெளியே கான்களோடு இடிபாடு, தள்ளுமுள்ளு, பாதித் தண்ணீர் நிலத்தில். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வெளியே போய்க் கத்தினேன்: “வரிசையில நில்லுங்கோ! ஒரு வீட்டுக்கு ரெண்டு கான்!” நின்றார்கள். பாதிப் பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள்.

மிஞ்சியது கணுக்காலளவு. பாஸ்டர் வந்தார், தொட்டியைப் பார்த்தார், வாங்கில் இருந்துவிட்டார். என்னோடு கதைக்கவில்லை.

செப். 13, சனி

இன்றும் கதைக்கவில்லை. கடலில் செய்வதென்று ஒரு தாளில் எழுதி என் கதவில் செருகியிருந்தார். மண்கும்பானில், காலை ஒன்பதுக்கு.

கரையிலேயே ஆழமான மட்டக்களப்புக் கடல் என்ற நினைப்பு அவருக்கு. இங்கே இடுப்பளவு தண்ணீருக்கு இந்தியாவுக்கு நடக்கவேணும். தவமணியின் தம்பி மீன்பிடிகாரன், சொன்னான்: “ரீச்சர், விடியத்தான் கடல் பெருக்கு. எட்டுக்குப் பிறகு வத்து. அரைவாசித் தூரம் நடந்தால் முழங்காலளவுதான் வரும்.” போய்ப் பாஸ்டரிடம் சொன்னேன். ஆறு மணிக்கு மாற்றினார்.

செப். 14, ஞாயிறு

ஆறு மணிக்கு எல்லோரும் கரையில். நல்ல பெருக்கு. மேற்பார்வைப் போதகரின் வான் வண்டி இன்னும் இல்லை. பொறுப்போம் என்றார் பாஸ்டர். ஏழு. எட்டு. கண்ணுக்கு முன்னால் கடல் பின்வாங்குகிறது. வான் வந்தபோது ஒன்பதே கால்.

நடந்தோம். நடந்தோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவேயில்லை. கடைசியில் பாஸ்டர், “அக்கா, தண்ணிக்குள்ள இருங்கோ.” தவமணி கடலில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்தாள். பின்னால் சாய்த்தார். தலை போனது, தோள் போனது. முழங்கால் இரண்டும் மேலே.

திரும்பி வந்தால், மேற்பார்வைப் போதகர் கரையில், கழற்றாத சப்பாத்தோடு. “முழங்கால் முங்கேல்லையே. முழுக்கு எண்டால் முழுக்கு.” இரண்டு வருடக் காத்திருப்பு, மூன்று மணி நேர வெயில், மனிதன் முழங்காலைப் பார்க்கிறார்!

அப்போது இராசம்மா அக்காவும் நாலைந்து பெண்களும் கான்களோடு வந்தார்கள். உப்பு கழுவ நல்ல தண்ணீர். வெள்ளிக்கிழமை எடுத்தது, குடிக்க வைத்ததில் மிச்சம். தவமணியைக் கரையில் நிறுத்தித் தலையில் ஊற்றினார்கள். “தடிமன் பிடிக்கப்போகுது, கெதியாத் துடையடி.” ஊருக்கு இன்னும் பவுசர் வரவில்லை. என் கண் நிறைந்துவிட்டது, குடையால் மறைத்தேன்.

“ஊத்தினது கணக்கில்லை,” என்றார் மேற்பார்வைப் போதகர். “அடுத்த கிழமை திருப்பிச் செய்யுங்கோ.”

தவமணி தலையைத் துவட்டிக்கொண்டு: “ஐயா, ஞானஸ்நானமெண்டால் சாகிறதும் எழும்புறதும், அது ஒருக்காத்தான் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். நான் எழும்பிட்டன்.”

பாஸ்டர் என்னைப் பார்த்தார். இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தரம்.

வீட்டுக்கு வந்து கால் மணலைக்கூடக் கழுவவில்லை. படிவத்தை எடுத்து அந்தக் கட்டத்தில் 1 என்று எழுதினேன். பேனையால்.