அப்பா வெறுங்கையோடு போகமாட்டார்

மார்ச் 6, 2007, செவ்வாய்

இன்னும் பனி. பாடசாலை வாசலெல்லாம் சேறு. வகுப்பு ஆசிரியை மடாம் ஒப்படை தந்தார்: எந்த அரசு எதற்குப் பணம் கொடுக்கிறது? வெள்ளிக்கிழமை பிரெஞ்சில் பேச வேண்டும். யூலி குப்பை அள்ளுவதை எடுத்துக்கொண்டாள். நான் கையை உயர்த்தி, இளையோர் தடுப்பு நிலையம் என்றேன். அண்ணை அங்கேதான் இருக்கிறார் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. (கூட்டாளிகளோடு யாருடையதோ காரை எடுத்து ஓடியதற்கு. ஐயோ அண்ணை.)

ஞாயிறுகளில் அம்மாவும் நானும் போகிறோம். அப்பா ஒரு தடவையும் வரவில்லை.

மார்ச் 7, புதன்

அம்மா மறுபடியும் கேட்டார். "இந்த ஞாயிறாவது வாங்கோவன்."

"வெளிச் சாப்பாடு விடமாட்டினமாம். வெறுங்கையோட எப்பிடிப் போறது?"

"அதென்ன, கலியாண வீடே?"

அப்பா அப்படித்தான். செயின்ட்-மிஷேலில் சித்தப்பா வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனாலும் வழியில் இறங்கி பிஸ்கற் பெட்டி ஒன்று வாங்குவார். இருந்தாலும் இந்த முறை வெறும் சாக்கு என்று நினைத்தேன். ஆனால் பிறகு, வேலைச் சப்பாத்தைத் துடைத்தபடி மெதுவாக: "ஆரோ போடுற சோத்தை என்ர பிள்ளை தின்னுறான். நான் எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

மார்ச் 8, வியா.

நூலகம். கையுறை ஒன்று தொலைந்தது. குறிப்பு:
– பிடிக்கிற பொலிஸ்: நகரம்.
– நிலையம், சாப்பாடு, அங்குள்ள ஆசிரியர்கள்: கியூபெக் மாகாண அரசு.
– அதில் ஒரு பங்கு ஒட்டாவா, அதாவது மத்திய அரசு. எவ்வளவு என்று இழுபறி. இரண்டு சம்பந்திகள் மாதிரி!
– எல்லாமே வரிப்பணம்.

இதை எழுதியதும் பென்சிலை வைத்துவிட்டேன்.

மார்ச் 9, வெள்ளி

பேசினேன். மடாம்: "த்ரே பியன்!" (மிக நன்று.) வீட்டில் அப்பாவுக்குத் தமிழில் முழுக்கச் சொன்னேன். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கிய களைப்பு. கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அப்பா, உங்கட சம்பளத்தில ஒட்டாவாவும் வெட்டுது, கியூபெக்கும் வெட்டுதெல்லே?"

"வெட்டாமல் விடுவினமே."

"அதிலதான் அங்க அண்ணைக்குப் பாண் வாங்கிக் குடுக்கினம். நீங்கள் போக முந்தியே சாப்பாட்டை அனுப்பிப்போட்டீங்கள்."

கண்ணைத் திறந்தார். "என்ர காசும் அதுக்குள்ள கிடக்கோ?"

"ஓம் அப்பா."

எழும்பிப் போய்ச் சம்பளத் துண்டை எடுத்து, வெட்டின கணக்கை விரலால் தடவிப் பார்த்தார். தேநீர் ஆறிப்போனது.

மார்ச் 11, ஞாயிறு

இன்றிலிருந்து கோடை நேரம்; மணிக்கூட்டை ஒரு மணி முன்னே தள்ள மறந்து ஓட்டமும் நடையும். மூன்று பேரும்! அப்பா சவரம் செய்து, பூசைக்குப் போகிற சேட்டு.

அண்ணை அப்பாவைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி நின்றார். இரண்டு பேரும் மேசையையே பார்த்தபடி.

"சாப்பாடு எப்பிடி?"

"உப்பில்லை அப்பா."

"போடச் சொல்லு. நானும்தான் காசு குடுக்கிறன்."

அண்ணை சிரிக்கத் தொடங்கி, பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். அப்பாவின் வெறுங்கை அண்ணையின் தலையில்.