இடது தொடையில் ஒரு மேலதிகக் குழாய்

வவுனிக்குளம்,
மல்லாவி.
12.03.1989

அன்பு மகள் விமலேஸ்வரிக்கு,

பிள்ளையார் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம், என் இடது காலைத் தவிர. அங்கே நீயும் மருமகனும் வயிற்றிலிருக்கும் பேரப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும் என்று எழுதத்தான் இருந்தேன். ஆனால் உனக்கும் இடது கால் வீங்கியிருக்கிறது, கனடாவில் ஸ்கான் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள் என்ற உன் கடிதம் நேற்று வந்ததிலிருந்து அம்மா குசினிப் பக்கமே போகவில்லை, எனக்கும் பட்டினி.

உன்னைப் பயப்படுத்தக் கூடாதென்று மறைத்த கதையைக் கேள். தை மாதம் என் கால் பூசணிக்காய் போல வீங்கியது. ஊரில் வைத்தியர் அல்லாதவன் நான் ஒருவன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துக் காணி வீரகத்தி அண்ணை எண்ணெய்ச் சட்டியோடு வந்து, உருவிவிட்டா எல்லாம் பறந்திடும் தம்பி என்றார். அம்மா அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போனா. அங்கே ஓர் இளம் டொக்டர் தொடையில் குளிர்ந்த பசையைப் பூசி ஸ்கான் கருவியால் அமத்தினார். நல்ல இரத்தக் குழாய் அமத்தினால் சப்பையாகுமாம், உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் ஆகாதாம். என்னுடையது நல்ல பிள்ளையாகச் சப்பையானது. ஒண்டுமில்லை ஐயா, வயல் வேலையைக் குறையுங்கோ என்றார். வயலில் நான் செய்வது வரம்பில் நின்று கதைப்பது, அதில் எதைக் குறைப்பது? நான் சந்தோசமாகச் செருப்பைத் தேட, அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. ஒண்டுமில்லாத கால் ஏன் தம்பி இப்பிடிக் கிடக்குது, இன்னொருக்காப் பாருங்கோ என்று பிடிவாதம் பிடித்தா. எனக்கு வெட்கமாய்ப் போயிற்று. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு தனக்கு மேலே இருந்த பெரிய லேடி டொக்டரைக் கூப்பிட்டார். அவா கருவியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இவருக்கு இதிலை ரெண்டெல்லோ ஓடுது என்றா. சிலருக்கு ஒன்று ஓடுமிடத்தில் இரண்டு இருக்குமாம். முதலாமவர் அமத்தியது நல்லதை, பக்கத்தில் ஒளித்திருந்தது அடைத்துப்போய்க் கல்லாட்டம் கிடந்தது. வாய்க்கால் பார்க்க வரும் ஐயாமார் றோட்டோர வாய்க்காலை மட்டும் பார்த்து, தண்ணீர் ஓடுகிறது என்று எழுதிவிட்டுப் போவார்களே, அதே கதைதான்.

அந்த இரத்தக் கட்டி கழன்று நெஞ்சுக்குப் போயிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு ஆள் எழுதியிருக்க வேண்டும். வீரகத்தி அண்ணை உருவியிருந்தால் அவர் சொன்னபடியே பறந்திருக்கும், வீக்கமல்ல, நான். இப்போது இரத்தம் கட்டாமலிருக்கக் குளிசை விழுங்கிக்கொண்டு நடக்கிறேன். எனக்கு மற்றவர்களைவிட ஒரு குழாய் கூட என்று சந்தையில் பெருமையடித்தேன். அந்தக் கூடின குழாய்தானே அடைச்சது என்று அம்மா எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டா.

பிள்ளை, என் மூக்கு உனக்கு வந்தது. குழாயும் வந்ததோ, டொக்டருக்கே தெரியாது. நாளைக்கே போய், அப்பாவுக்கு இரண்டு இருந்தது, பக்கத்தையும் அமத்திப் பாருங்கள் என்று கேள். அங்கே உன் மாமியார் பாசத்தில் எண்ணெயோடு வந்தால் தலையைக் கொடு, காலைக் கொடாதே. கொழும்புக்கு நெல் ஏற்றிப் போகும் யோகலிங்கத்திடம் உனக்குப் போன் எடுக்கவும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் நெல் விலையில் தொடங்கினால் உன் காலுக்கு வந்து சேருமுன் லைன் அறுந்துவிடும், அதனால் இந்தக் கடிதத்தையும் கொழும்பில் தபாலில் போட அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டு உயிரும் குறையின்றி வாழ எங்கள் ஆசீர்வாதம். இரண்டாந்தரம் பார்க்கும் வரை நீ டொக்டருக்கு முன்னாலிருக்கும் கதிரையை விட்டு எழும்பக் கூடாதாம், அம்மா பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறா. உன் பதில் வந்தால்தான் இங்கே அடுப்பு எரியும்.

இப்படிக்கு,
பசியோடிருக்கும் உன் அப்பா,
க. இளையதம்பி