துருத்தண்ணீர்

மார்ச் 4, புதன்

வீட்டுக்காரர் கைக்கட்டை மாற்றினேன். "மெதுவா, மெதுவா" என்று முகத்தைச் சுளிக்கிறார், என்னவோ நான்தான் கொதிக்கும் தண்ணீரை ஊற்றியது மாதிரி. லாரி சாலையோரம் ஆவி கக்கிக்கொண்டு நின்றபோது நான் என்ன சொன்னேன்? "கொஞ்சம் ஆறட்டுங்க. மூடியில கை வைக்காதீங்க." அதற்கு அவர்? "எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று திறந்தார். ரேடியேட்டர் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது. முகம் தப்பியதே பெரிது.

பார்க்க வருகிறவர்களிடம் சொல்லும் கதையோ வேறு. "இவ பக்கத்துல நின்னு தொணதொணன்னா. கவனம் சிதறிடுச்சு."

நான் தொணதொணத்தேனாம்!

மார்ச் 5

இன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மரக்கிடங்கு மேனேஜர் போன் செய்தார். வியாழக்கிழமை பலகை லோடு கிடங்குக்கு வந்தாக வேண்டும், நம் லாரி வராவிட்டால் வேறு லாரிக்குக் கொடுத்துவிடுவாராம். ஒரு தடவை வேறு ஆள் உள்ளே நுழைந்தால் அப்புறம் நமக்கு ஏது இடம்? இவர் உடனே தன் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். என் கொழுந்தன் வந்து சட்டமாக உட்கார்ந்தான். போன வருஷம் லாரியை ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று எங்கள் மதில் சுவரையே இடித்துத் தள்ளியவன்.

"நான் ஓட்டறேன்" என்றேன்.

அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அண்ணி, லோடு வண்டி. ஸ்கூட்டர் இல்ல."

"எனக்கு லைசென்ஸ் இருக்கு. உன்கிட்ட இருக்கா?"

சிரிப்பு நின்றது. இவர் விடவில்லை. "லைசென்ஸ் கிடக்கட்டும். வண்டி ஏன் சூடாச்சுன்னு தெரியுமா? ரேடியேட்டரை வடிச்சு, கழுவி, புதுசா ஊத்தணும். மெக்கானிக் ஊர்ல இல்ல. என் கை ஆறட்டும், பார்க்கலாம்."

கை ஆறுகிற வரை லோடு காத்திருக்குமா? நான் செய்கிறேன் என்றேன். இரண்டாவது தடவை சிரிப்பு.

சிரிக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

விரலெல்லாம் எரிகிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வண்டி முழுக்க ஆறியிருந்தது. ரேடியேட்டருக்கு அடியில் பழைய துணி ஊறவைக்கும் தொட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, மல்லாந்து படுத்துத் திருகைத் திறந்தேன். தண்ணீராவது வரும் என்று பார்த்தால், சேற்றுக் குழம்பு. கருஞ்சிவப்பு, நடுநடுவே துருச் செதில்கள். கீழ் ஹோஸைக் கழற்றியபோது மிச்சம் அத்தனையும் என் கழுத்தில் கொட்டியது.

எத்தனை வருஷமாகச் சொல்லியிருப்பேன், கூலன்ட் வாங்கி ஊற்றுங்கள் என்று! "தண்ணிக்குச் சாயம் பூசி விக்கிறான், அதை வாங்கச் சொல்றியா?" என்பார். போகிற வழியில் எந்தக் குழாயைக் கண்டாலும் பிடித்து ஊற்றுவார். வெந்தது கை மட்டும்தானே என்று சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அந்த மனுஷன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. உதவி என்று ஒரு வார்த்தை கிடையாது. "ஸ்பேனரை அப்படியா பிடிப்பாங்க?" "தொட்டியை மூடு, தெருநாய் வாய வைக்கப் போகுது, வயித்துக்கு ஆகாது." நாய் மேல் இருக்கிற அக்கறை!

வெறும் தண்ணீரை நிரப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி வடிக்க வேண்டும். சூட்டோடு பச்சைத் தண்ணீரை விட்டால் என்ஜின் விரிசல் விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் காத்திருப்பு. வண்டி ஆறியது. தண்ணீர் ஆறியது. நான்தான் ஆறவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தபோது எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. நீண்ட ஓட்டங்களில் பாதிக்கு மேல் ஓட்டுவது நான். இவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கைப் பலகையில் குறட்டை விடுவார். ஆனால் கிடங்கு வரும் முன் ஒரு பெட்ரோல் பங்க்கில் எழுப்பச் சொல்வார். முகம் கழுவி, தலை வாரி, ஸ்டியரிங்குக்கு வந்துவிடுவார். நான் அந்தப் பக்கம் நகர வேண்டும். "ஆம்பளைங்க இருக்கிற இடம், ஒரு மாதிரி பேசுவாங்க. உனக்காகத்தான்." எனக்காகவாம்! நானும் நகர்ந்தேனே, இத்தனை வருஷம் — ஏன் நகர்ந்தேன்?

சாயங்காலம் வடிந்த தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துப் பார்த்தேன். தெளிவு. கொண்டுபோய் அவர் எதிரில் ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 9, திங்கள்

கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து, ரேடியேட்டர் கழுத்து வரை ஊற்றி, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்தேன். முதலில் எல்லாம் ஒழுங்கு. பிறகு சூடு காட்டும் முள் ஏறியது. பாதியைத் தாண்டி, சிவப்பைத் தொடப் போனது. அணைத்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தானே செய்தேன்? எதை விட்டேன்?

வாசலில் இருந்து குரல்: "நான் சொன்னேன்ல."

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "உள்ள காத்து அடைச்சிருக்குக்கா. ஆறினதும் வண்டி மூக்கை மேட்டுல ஏத்தி நிறுத்துங்க. மூடி போடாம ஸ்டார்ட் பண்ணி, கேபின் ஹீட்டரை முழுசாத் திறந்துடுங்க. குமிழ் வரும். நிக்கிற வரைக்கும் ஊத்திக்கிட்டே இருங்க."

அப்படியே செய்தேன். குபுக் குபுக் என்று வந்து, தண்ணீர் மட்டம் திடீரென்று இறங்கியது. ஊற்ற ஊற்ற இன்னும் ஒரு கேன் பிடித்தது. ஹீட்டரில் வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரிச் சூடு. முள் நடுவில் நின்றது, அசையவில்லை.

"ஹீட்டரைத் திறக்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார் இவர், சாவகாசமாக.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

என்ஜின் போனால் எங்கள் பிழைப்பே போச்சு. அது தெரிந்தும், நான் தோற்கிறேனா என்று உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்! கையில் இருந்த புனலை விட்டெறிந்தேன். அவர் மேல் இல்லை, சுவரில்.

கேட்டிருப்பேனா? தெரியாது. அவர் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

போய் வந்துவிட்டோம். மேடேறும்போதும் முள் நடுவை விட்டு நகரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெட்ரோல் பங்க் வந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கிடங்குக்குள் நானே ஓட்டிப் போய், பலகை அடுக்கு ஓரமாக ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினேன்.

மேனேஜர் ஓடி வந்தார். "அடடா, கையில என்ன? பாவம், வீட்டம்மாவே ஓட்டற மாதிரி ஆயிடுச்சே! ஏம்மா, உன் வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடையாது. ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வந்தும் கண்ணு சிவக்காது. புதுசா குளிச்சிட்டு வந்த மாதிரி இறங்குவார். நாங்க அவருக்குத் தூங்காத ராஜான்னே பேரு வச்சிருக்கோம்!"

தூங்காத ராஜா.

"ராத்திரியெல்லாம் ஓட்டினது நான்" என்றேன். "உங்க ராஜா பின்னாடி தூங்கிட்டு வருவார்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல தமாஷ் என்று நினைத்துவிட்டார். நான் இவரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, 'ஆமா' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதக்கூட வேண்டாம். எனக்கே தொண்டை கட்டிவிட்டது.

மார்ச் 15

அறைகள் வேறு. பேச்சு இல்லை. கைக்கு மருந்து மட்டும் போடுகிறேன்.

மார்ச் 21, சனி

கட்டைப் பிரித்தாகிவிட்டது. புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. விரலை மடக்க முடிகிறது, இனி ஸ்டியரிங் பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் லாரிச் சாவியை எடுத்து என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மத்தியானம் அவர் போன் அடித்தது. மேனேஜர். நீண்ட ஓட்டம், திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். சத்தமாகப் பேசுகிறவர், கூடம் வரை கேட்டது. "கை சரியாயிடுச்சா ராஜா?"

"கை சரியாயிடுச்சு" என்றார் இவர். "அன்னைக்கு அவ சொன்னது தமாஷ் இல்ல சார். அவதான் ஓட்டுவா. எப்ப கிளம்பறது, என்ன ஏதுன்னு அவகிட்டயே பேசிக்குங்க."

கூடத்துக்கு வந்து போனை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கை துடைத்துக்கொண்டு வாங்கினேன். எங்கே ஏற்றுவது, எத்தனை மணி, யார் இறக்குவார்கள், எல்லாம் கேட்டேன். மேனேஜர் இரண்டு இடத்தில் 'சார்' என்று சொல்லிவிட்டு 'அம்மா' என்று திருத்திக்கொண்டார்.

வைத்த பிறகும் இவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"நானும் வரட்டுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.