சோளகத்தின் நடுவில் பீட்டரின் இடம்

என் அன்பு அண்ணா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீங்கள் கண் மூடி ஒரு வருடம்கூட ஆகவில்லை, உங்கள் 'சோளக'த்தைத் துள்ளி ஆடுகிற பைலா ஆக்கிவிட்டார்கள்.

சோளகக் காற்றின் பெயர் வைத்து நீங்கள் சக்சபோனில் கட்டிய அந்த ஜாஸ் மெட்டு இரண்டு தரம் ஒரே மாதிரி வந்ததில்லை, ஓம். கொழும்பு ஹோட்டலில் ஆட்கள் சாப்பிடச் சாப்பிட மெதுவாக வாசித்தீர்கள். தலவிலக் கோயில் திருநாளில் துள்ளவிட்டீர்கள். அம்மாவின் செத்தவீட்டில் பாதிக்கு மேல் ஊத முடியாமல் நின்றீர்கள். ஆனால் நடுவில் அந்த ஓர் இடம் மாறவேயில்லை. சக்சபோனை இறக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள், ட்ரம்ஸ் மட்டும் மெல்ல ஓடும். அது உங்கள் பாண்ட் குழுவில் பீட்டர் அண்ணா ட்ரம்பெட் வாசித்த இடம். சண்டைக் காலத்தில் மன்னாருக்குப் போனவரை வழியில் பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டை முடிந்தும் வரவில்லை. அவருடைய மனைவி டெல்சி அக்கா ஒவ்வொரு கச்சேரிக்கும் வந்து, அந்த இடத்தில் எழும்பி நிற்பா.

போன சனிக்கிழமை கல்பிட்டியில் ஒரு புது ஹோட்டலில் வாசித்தார்கள். நானும் அவவும் போனோம். அந்த இடம் வந்தது, அவ எழும்பினா. உங்கள் ட்ரம்ஸ்காரன் செபஸ்திதான் இப்போது பாண்டை நடத்துகிறான். அவன் மைக்கில் கத்தினான்: "எல்லாரும் கை தட்டுங்க!" அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டா.

நான் மேடைக்கே ஏறினேன். "பீட்டர் அண்ணாட இடத்தில கை தட்டச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்திச்சு?"

அவன் முழித்தான். "என்ன இடம் அக்கா? அண்ணாக்கு நெஞ்சு இழுக்கும்தானே. மூச்செடுக்க நிப்பாட்டுறார் எண்டுதான் நினைச்சேன். சும்மா விட்டா சனம் எழும்பிப் போயிரும்."

மூச்செடுக்கவாம். பீட்டர் அண்ணாவுக்குப் பிறகு சேர்ந்தவன், அவனை எப்படி ஏசுவது? வந்த கோபம் முழுக்க உங்கள் மேல் திரும்பியது. ஏன் அண்ணா சொல்லவில்லை? அந்த நாளில் அவருடைய பெயரைச் சொல்லப் பயம், சரி. பிறகும் ஏன்? நீங்கள் வாய் மூடி நின்றால் ஊருக்கே விளங்கும் என்று நினைத்தீர்களா? டெல்சி அக்கா அன்றிலிருந்து ஒருவரோடும் கதைக்கிறா இல்லை.

வருகிற திருநாளுக்குத் திரும்ப வாசிக்கிறார்கள். டெல்சி அக்காவை எப்படியும் கூட்டிக்கொண்டு போவேன். பைலாவாகவே வாசிக்கட்டும், நீங்களும் மாற்றி மாற்றித்தானே வாசித்தீர்கள். ஆனால் அந்த இடம் வந்ததும் மைக்கை நான் வாங்குவேன். பீட்டர் அண்ணாவின் பெயரைச் சொல்வேன், பிடித்துக்கொண்டு போனதையும் சொல்வேன். பிறகு டெல்சி அக்காவுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். எவன் கை தட்டுகிறான் என்று பார்க்கிறேன்.

இன்னும் கோபம் தீராத
உங்கள் தங்கச்சி,
மெரில்டா