எல்லைக் கல்லும் மர நிழலும்

மார்ச் 3

அன்புள்ள சுள்ளானுக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொல்லியிருப்பேன், உன் மனைவி பக்கத்தில் இருப்பாள். இது நம் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

எங்கள் தெருவுக்கு முன்னால், மெயின் ரோட்டை ஒட்டிக் காலியாகக் கிடக்கும் நிலத்தைக் கடைகளுக்கான இடமாக மாற்றப்போகிறார்களாம். இருபதாம் தேதி நகரமைப்பு வாரியத்தில் விசாரணை. நோட்டீசோடு ஒட்டியிருக்கும் வரைபடத்தில் சிவப்புக் கோடு ஐந்து வீடுகளின் மேல் ஓடுகிறது. கோடு தொட்ட வீடுகளை ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும். என் வீடு பின்தள்ளி இருப்பதால் தப்பியது. வரைபடத்தின் மூலையில் உன் கையெழுத்து.

முப்பது வருஷத்துக்கு முன் நீ சர்வே ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தாய். அன்றைக்கு உன் உதவியாள் வரவில்லை. அளக்கிற டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "எல்லைக் கல்லு மேல வச்சுக்கிட்டு 'சரி'ன்னு கத்துக்கா" என்றாய். எனக்கு எட்டு மாத வயிறு, உச்சி வெயில். கல்லை விட்டுப் பதினைந்து அடி உள்ளே வந்து, வாசல் மரத்து நிழலில் நின்றுகொண்டு 'சரி' என்று கத்தினேன். அந்த ஓர் அளவை வைத்துத்தான் தெரு முழுக்கக் கோடு இழுத்தாய். சாயங்காலம் சாப்பிடும்போது நான் சொன்னதும், "நாளைக்குத் திருத்திடறேன்" என்று சிரித்தாய்.

திருத்தவே இல்லையாடா?

அந்த ஐந்தில் ஒன்று தையல்காரம்மா வீடு. தினமும் வந்து, "ஆபீசர் தம்பி இருக்காரே, அவர்கிட்ட கேளுங்கக்கா" என்று அழுகிறாள். அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

உன் அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிட்டேன். இதையும் எரித்துவிடு.

திருத்தவில்லை. மறுநாள் காலையிலேயே மேலதிகாரி வரைபடத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். தப்பு என்று வாயைத் திறந்தால் புது வேலை போய்விடும் என்று பயந்தேன். எல்லைக்கு அந்தப் பக்கம் காலி நிலம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

நான் ஓய்வு பெற நாலே மாதம். பொண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தெரிந்தே தப்பான வரைபடம் கொடுத்தேன் என்று ஆனால் எல்லாம் போச்சு. ஆபீசில் போன் அடித்தால் எடுக்காமல் விட்டுவிடுகிறேன்.

உன் காலில் விழுகிறேன், விசாரணையில் பேசாதே. அத்தனை வருஷத்துக்கு முந்தியது உனக்கு எப்படிச் சரியாக நினைவிருக்கும்? மாமா போனதிலிருந்தே உனக்கு மறதி அதிகம். போன தடவை நான் வந்தபோதுகூட, பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனாய். மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்.

நோட்டீசில் இருக்கும் கோப்பு எண்ணை எழுதி அனுப்பு. ஏதாவது செய்ய முடிகிறதா என்று பார்க்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 13

அன்புள்ள சுள்ளானுக்கு,

பால் பொங்கியது என் மறதியால் இல்லை. நீ உன் மேனேஜர் மாதிரி நடந்து காட்டினாயே, அதில் சிரித்துச் சிரித்துக் கண்ணே தெரியாமல் போனதால்.

நேற்று அந்த நிலத்தில் கடை கட்டப்போகும் கம்பெனியின் ஆள் ஒருவன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, "தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து பட்டப்பகலிலும் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனாலும் பேசத்தான் போகிறேன். நாலு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை, உனக்குத் தெரியும். நீ கவலைப்படாதே. நான் நகர்ந்தது தம்பிக்குத் தெரியாது, தப்பு என்னுடையதுதான் என்று சொல்வேன். சாயங்காலம் உன்னிடம் சொன்னதைச் சாகும்வரை சொல்ல மாட்டேன்.

நீ கேட்ட கோப்பு எண் பின்பக்கத்தில்.

உன் அக்கா

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சரி. உன் இஷ்டம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

விசாரணை அறையில் என்னைக் கூப்பிட்டார்கள். தையல்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். வாரியத் தலைவர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். "என் மூத்த சகோதரி கணவர் இறந்தபின் நினைவு தடுமாறி இருக்கிறார். அடுப்பில் வைத்ததைக்கூட மறந்துவிடுகிறார். அவர் சொல்வதைச் சாட்சியாக ஏற்க வேண்டாம்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தையல்காரம்மா என் கையை விட்டுவிட்டாள்.

ஒரு நிமிஷம் நானே அதை நம்பினேன். அன்றைக்கு நின்றது மரத்தடியிலா, கல்லின் மேலா? எதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு பயத்தை அனுபவித்ததில்லை.

அப்புறம் சொன்னேன்: "என்னை நம்ப வேணாம் சார். ரோட்டை ஒசத்துனப்ப மூடின கல்லு மண்ணுக்குள்ள இருக்கு. தோண்டிப் பாருங்க."

நேற்று வந்து தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் கல் இருந்தது, மரத்துக்குப் பதினைந்து அடி முன்னால். வந்த சர்வேயருக்கும் ஆள் போதவில்லை. டேப்பின் முனையை என்னிடம் கொடுத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கல்லின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 'சரி' என்று கத்தினேன். ஐந்து வீடுகளும் கோட்டுக்கு வெளியே வந்துவிட்டன. "உங்க தம்பிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றுதான் சொன்னேன்.

நீ எரிக்கச் சொன்ன கடிதத்தை நான் எரிக்கவில்லை. விசாரணை அன்றைக்கு அது என் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். காட்டவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே எரித்துக்கொள்.

இப்போதெல்லாம் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அணைந்துதான் இருக்கிறது. ஆனாலும் பார்க்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை அனுப்ப வேண்டாம். மறதிக்காரி, தேதியை மறந்துவிடுவேன்.

அக்கா