கண்ணாடிப் பெட்டிக்குள் நம் குழவி

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. ஊர்க்கோடி ஷ்வேப்யிதாவில் இந்த ஒற்றை அறை முழுக்க மிளகாய் நெடி. பக்கத்து அறை பர்மாக்காரி கதவைத் தட்டி, யாரைக் கொல்லப் பார்க்கிறாய் என்று இருமிக்கொண்டே கேட்டாள். நான் பெயரைச் சொல்லவில்லை. உனக்குத் தெரியும்.

நாம் பிறந்து வளர்ந்த மாளிகையை மியூசியமாகத் திறந்துவிட்டார்கள். போன வாரம் டிக்கெட் வாங்கிப் போனேன். இத்தாலி அரண்மனை மாதிரி வேண்டுமென்று எந்தக் காலத்திலோ ஒரு வியாபாரி கட்டியது. தூணுக்கும் வளைவுக்கும் புது வெள்ளை அடித்திருக்கிறார்கள். அப்பாவும் பிறகு நீயும் மண்டியிட்டுத் துடைத்த பளிங்குத் தரையைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. பின்னால் வேலைக்காரர்களுக்கென்று இருந்த நம் லைன் வீட்டின் இடத்தில் காபிக்கடை.

அந்த மியூசியம் டைரக்டர் இன்னும் இருக்கிறான். வேலையும் வீடும் உங்களுக்கே என்று வாய் நிறையச் சொன்னவன். வீட்டை இடிக்க நாள் குறித்த கையோடு, வேப்பமரத்தடி அம்மனையும் காட்சிக்குக் கேட்டு ஆள் அனுப்பினான். நான் மண்ணை வாரித் தூற்றினேன். நீ சத்தம் போடவில்லை. "நாளைக்கு வாங்க ஸயா, பூசை போட்டுத்தான் அம்மன எறக்கணும்" என்றாய்.

நம் அம்மன் முகமில்லாத நீளக் கல். அம்மிக் குழவியும் அப்படித்தான். ராத்திரியே குழவிக்கு எண்ணெய் தேய்த்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றிவிட்டாய். மறுநாள் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கிப் போனார்கள்.

அதற்குத்தான் இப்போது கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு. டைரக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டான். வந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால், இது உங்கள் சாமிதானே என்று பெருமையாகக் கேட்டான். எங்கள் அக்கா மசாலா அரைத்த கல் என்று சொல்ல நாக்கு துடித்தது. அவன் மானம் அங்கேயே கப்பலேறியிருக்கும். ஆனால் மறுநாளே நிஜ அம்மனைத் தேடி ஆள் வந்திருக்கும்.

"அவதான் ஸயா. நல்லாக் கும்பிட்டுக்கிடுங்க" என்றேன்.

குனிந்து கும்பிட்டான் அக்கா. கூட வந்தவர்களும் கும்பிட்டார்கள். உன் குழவியை.

சிரிப்பு வெளிக்கதவு வரைக்கும்கூட வரவில்லை. இந்த அறையில் நீ கடைசியாய்க் காய்ச்சலில் கிடந்தபோது, "அங்க இப்ப தரைய யாரு தொடைக்கிறாடீ?" என்று கேட்டாயே, அது நினைவுக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்காகவே அவனை நான் மன்னிக்க மாட்டேன்.

அம்மன் அலமாரியில் பத்திரமாக இருக்கிறாள். குழவி இல்லாத அம்மியில் பாட்டிலை உருட்டி மிளகாய் அரைத்து, அவன் பெயரைச் சொல்லி அவள்மேல் பூசுகிறேன். நீ இருந்தவரை விடவில்லை. "வேணாம்டீ, அம்மனுக்கு எரியும்" என்பாய்.

எரியட்டும் அக்கா. எரிந்தால்தான் எழுந்து அவனைத் தேடிப் போவாள்.