பெஞ்சில் இருக்கும் இருவர்

ப்ரஸ்ஸல்ஸ்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். முழங்கால் வலி குறைந்ததா? ஸ்ரீரங்கத்து வெயிலைப் பற்றிக் கேட்கத் தேவையில்லை. இங்கே இன்னும் ஸ்வெட்டர்தான்.

எங்கள் ஆய்வகத்தில் படிக்கும் தொட்டியத்துப் பெண் வைஷ்ணவி, ஞாயிறன்று என்னை ஓர் ஓவியக் கண்காட்சிக்கு இழுத்துப்போனாள். ஒரு படத்தில், பூங்கா பெஞ்சில் கணவனும் மனைவியும். எல்லாமே புள்ளிகள். கிட்டே போனால் முகமே இல்லை, அம்மை போட்டதுபோல நீலமும் ஆரஞ்சும்தான். பத்தடி தள்ளி நின்றால் மாலை வெயிலில் இரண்டு பேர். வண்ணங்களை ஓவியர் கலக்கவில்லை, நம் கண்தான் கலக்கிக்கொள்கிறது. நீலப் பாவும் பச்சை ஊடையும் சேர்ந்து மயில்கழுத்தாகத் தெரியும் பட்டுப்புடவையைக் கடை வாசலில் பிடித்துக் காட்டுவீர்களே, அதே வித்தை.

“எவ்வளவு பிரியமா உக்காந்திருக்காங்க பாருங்க மேடம்!” என்றாள்.

“பிரியமா? அந்தம்மா கைப்பையை நடுவுல வச்சிருக்கு. சண்டை போட்டுட்டு வந்திருக்கு. பையைச் சுத்தி மட்டும் நீலப்புள்ளி எவ்வளவு நெருக்கம் பாரு.”

“அது நிழல், மேடம்!”

அரை மணி நேரம் வாதாடியும் தீரவில்லை. கடைப்படி ஏறும்போதே எந்த ஜோடி சண்டை போட்டுவிட்டு வருகிறது என்று சொல்லிவிடுவீர்கள். மலைக்கோட்டையில் இருபத்தைந்து வருடம் புடவை விற்ற அந்தக் கண் இங்கே தேவைப்படுகிறது. விசா வந்து மூன்று வாரமாகியும் நீங்கள் டிக்கெட் போடவில்லை. பத்து நாள் கடையை உங்கள் உதவியாள் அரவிந்தன் பார்த்துக்கொள்வான்.

சாம்பார்பொடியும் டபரா டம்ளரும் கொண்டுவாருங்கள். டம்ளர் இரண்டு.

வைஷ்ணவி நாளை ஊருக்குக் கிளம்புகிறாள், இதை அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். தன் கட்சியை அவள் அழகாகப் பேசுவாள். படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அனுசுயா